சொந்த முகவரியில் ஒரு வலைத்தளம்: வேர்ட்பிரஸை நிறுவி நடத்தும் முறை

இணையத்தில் எழுதுவதற்கு இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும்; ஏதேனும் ஒரு சமூக ஊடகத்திலோ இலவச வலைப்பதிவுச் சேவையிலோ கணக்குத் தொடங்கி அன்றே எழுத ஆரம்பித்துவிடலாம். ஆனால் அந்த இடம் நமக்குச் சொந்தமானதன்று. தனிமனிதர்கள் பல்லாண்டுகளாகக் கட்டி எழுப்பிய பக்கங்களைத் தாங்கி நின்ற ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, தன்னார்வலர்கள் சிலர் முன்வந்து நகலெடுத்து வைத்தவை மட்டுமே மிஞ்சின. எழுதியவர்களில் பலருக்குத் தங்கள் பக்கங்கள் மறைந்துபோன செய்தியே தாமதமாகத்தான் தெரிந்திருக்கும். சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்வதன் முதல் நோக்கம், எழுதியது நம் கையை விட்டுப் போகாமல் இருப்பதே.

ஆகவே எந்த மென்பொருள், எந்த நிறுவனம், எந்த வடிவமைப்பு என்ற ஒவ்வொரு தேர்வின்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாளைக்கே இங்கிருந்து கிளம்ப நேர்ந்தால், முகவரி, பதிவுகள், படங்கள், மறுமொழிகள் அனைத்தையும் குறைவின்றி எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்த வழிகாட்டியில் வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியே அமைந்தவை.

மென்பொருள்

இங்கே வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்கிறேன். பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைத்து, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரின் முயற்சியால் 2003 மே மாதம் வெளிவந்த இது, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கி, எந்த வழங்கியிலும் (தளத்தின் கோப்புகளை வைத்திருந்து வாசகருக்குத் தரும் கணினி) நிறுவி, விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். கோஸ்ட் போன்ற புதியவை எழுதுவதற்கு இனிமையானவை. ஹியூகோ, ஜெக்கில் போன்றவை பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளமே இல்லாமல் நிலையான பக்கங்களை உருவாக்கித் தருவதால் வேகமும் பாதுகாப்பும் மிகுந்தவை. ஆயினும் கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் கட்டளை வரியில் பழக்கமில்லாத ஒருவர் தானாக நிறுவி, சிக்கல் வந்தால் யாரிடமாவது கேட்டுத் தெளிந்து, பல ஆண்டுகள் நடத்திச்செல்ல ஏற்றது வேர்ட்பிரஸ் என்பது என் கருத்து. பெரும்பாலான வழங்கி நிறுவனங்கள் அதை நன்கு அறிந்திருக்கின்றன. அதிலிருந்து பிறவற்றுக்கு மாறுவதற்கான கருவிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஒரு குழப்பத்தை இங்கேயே நீக்கிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளைப் பதிவிறக்கும் இடம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைக் கொண்டு ஒரு நிறுவனம் நடத்தும் வணிகச் சேவை. நாம் பேசுவது முதலாவதைப் பற்றி. பராமரிப்பு வேலையே வேண்டாம் என்று கருதுவோர் இரண்டாவதையோ அதுபோன்ற வேறொரு சேவையையோ பயன்படுத்துவதில் தவறில்லை; ஆனால் தளத்தின் முகவரியாக விளங்கும் டொமைன் பெயரையாவது சொந்தமாக வாங்கி அதனுடன் இணைத்துக்கொள்ள வேண்டும். முகவரி நம்முடையதாக இருந்தால் சேவையைப் பின்னால் மாற்றலாம்; முகவரியே அவர்களுடையதாக இருந்தால் மாறும் அன்று வாசகர்களையும் பழைய இணைப்புகளையும் சேர்த்தே இழப்போம்.

டொமைன் பெயர்

பெயர் சுருக்கமாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது இதில் தனிக் கவனம் தேவை. ழகரமும் நெடிலும் ஆளுக்கு ஆள் வேறுவேறு விதமாக எழுதப்படுவதால், கேட்டவர் வேறு முகவரிக்குப் போய்விடக்கூடும். அத்தகைய பெயர்தான் வேண்டுமென்றால் வழக்கிலுள்ள இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவது நல்லது.

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். பொதுவான டொமைன்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். பதிவுக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளத்தை அமைத்துத் தருபவரின் பெயரில் இருக்கக் கூடாது. அந்த மின்னஞ்சல் முகவரியும் அதே டொமைனைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டொமைன் காலாவதியானால் அதிலுள்ள மின்னஞ்சலும் நின்றுவிடும். அப்போது புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்புகள் உங்களை வந்து சேரவே சேரா. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவைப்பதோடு, அதில் பதிந்துள்ள வங்கி அட்டை எப்போது காலாவதியாகிறது என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

டொமைனை ஒரு நிறுவனத்திலும் வழங்கியை வேறொரு நிறுவனத்திலும் வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். ஒரே இடத்தில் வாங்கினால் ஆரம்ப வேலை எளிதுதான். ஆனால் வழங்கி நிறுவனத்தோடு கட்டணத் தகராறு வந்தாலோ, அவர்கள் சேவை முடங்கினாலோ, முகவரியும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

வழங்கி

புதிதாகத் தொடங்குபவருக்குப் பகிர்வு வழங்கியே போதும். ஒரே கணினியில் பல தளங்கள் இயங்கும் ஏற்பாடு இது. எழுத்தை மையமாகக் கொண்ட தளத்துக்கு இதற்குமேல் நீண்ட காலம் தேவைப்படாது. பெரிய கணினி ஒன்றில் நமக்கென்று ஒதுக்கப்படும் பகுதியான மெய்நிகர் தனி வழங்கியில் சுதந்திரம் கூடுதல். ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது முதல் ஊடுருவலைத் தடுப்பது வரை அனைத்தும் உங்கள் பொறுப்பாகிவிடும். அதைக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தாலன்றி, எழுத வேண்டிய நேரத்தை அதில் செலவிட வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டுள்ள நிரல்மொழியான பிஎச்பியின் ஆதரவிலுள்ள பதிப்பு கிடைக்கிறதா, அதை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா, மைசீக்வல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் உண்டா, தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பை மறையாக்கிக் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகத் தரப்படுகிறதா என்பவை அடிப்படை. காப்பு நகலை நாமே நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியுமா என்பது அவற்றைவிட முக்கியம். முதலாண்டுக்குச் சலுகை விலை காட்டி அடுத்த ஆண்டு பன்மடங்கு வாங்குவது இத்தொழிலில் சாதாரணம் என்பதால், விளம்பரத்திலுள்ள தொகையை விடுத்துப் புதுப்பிப்புத் தொகையையே ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்பற்ற இடம் என்று எழுதியிருந்தாலும், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் செயலியின் பயன்பாட்டுக்கும் உச்சவரம்பு விதிமுறைகளுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் படிப்பது வீண்வேலையன்று.

வழங்கி கிடைத்ததும், டொமைனை வாங்கிய பதிவாளரின் பக்கத்தில் பெயர் வழங்கிகளை (டொமைன் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று சொல்பவை) மாற்றியோ, டொமைனுக்குரிய கணினியைக் குறிக்கும் ஏ பதிவில் வழங்கியின் எண் முகவரியான ஐபி முகவரியை இட்டோ இரண்டையும் இணைக்க வேண்டும். இணைப்பு உலகெங்கும் பரவச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதற்குள் பதற்றப்பட்டு அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தால் தாமதம்தான் கூடும்.

நிறுவுதல்

பல வழங்கிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேர்ட்பிரஸ் நிறுவப்பட்டுவிடும். அதைப் பயன்படுத்தலாம். என்றாலும் ஒருமுறையாவது கையால் நிறுவிப் பார்ப்பது பின்னாளில் பேருதவியாக இருக்கும், ஏனெனில் தளத்தின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

முதலில் வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு தரவுத்தளத்தையும், அதற்கென ஒரு பயனரையும் உருவாக்கி, அந்தப் பயனருக்கு அந்தத் தரவுத்தளத்தின்மீது முழு அனுமதி தர வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யூடிஎஃப்8எம்பி4 என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மைசீக்வலில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிவந்த குறியாக்கம், ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்டுகளையே ஏற்கும். அன்றாடத் தமிழெழுத்துகள் அந்த 3 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் முகக்குறிகளுக்கு 4 பைட்டுகள் வேண்டும். அதுபோலவே, முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களுக்கான குறியீடுகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன. அவையும் 4 பைட்டுகள் கொண்டவை. கல்வெட்டு, பழைய கணக்கு ஆகியவற்றைப் பற்றி எழுத எண்ணுவோருக்கு இது நேரடியாகவே தேவைப்படும்.

அடுத்து, பதிவிறக்கிய வேர்ட்பிரஸ் பொதியை விரித்து, வழங்கியின் பொதுக் கோப்புறைக்குள் பதிவேற்ற வேண்டும். பிறகு உலாவியில் தளத்தின் முகவரியைத் திறந்தால் நிறுவல் பக்கம் வரும். தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கும். அவை டபிள்யூபி-கான்ஃபிக் என்ற கோப்பில் எழுதப்படும். இந்தக் கோப்பை ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள். தரவுத்தளத்தின் சாவி இதில்தான் இருக்கிறது. அதன் கீழே நீண்ட, பொருளற்ற எழுத்துச் சரங்கள் எட்டு இருக்கும். புகுபதிகை செய்தவர்களின் குக்கிகளைக் காக்கும் பாதுகாப்புச் சாவிகள் அவை. யாரேனும் உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதோடு இந்த எட்டையும் புதியவையாக மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பவர் அனைவரும் உடனே வெளியேற்றப்படுவார்கள்.

நிர்வாகியின் பயனர் பெயருக்கு அட்மின் என்பதை வைக்க வேண்டாம். கடவுச்சொல்லை ஊகித்து முயலும் தானியங்கி நிரல்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். நிறுவி முடிந்ததும், நிர்வாகிக் கணக்கோடு தொகுப்பாளர் நிலையிலுள்ள இன்னொரு கணக்கையும் உருவாக்கி, அன்றாட எழுத்து வேலையை அதிலிருந்தே செய்யுங்கள். தொகுப்பாளரால் எழுத முடியும், வெளியிட முடியும், மறுமொழிகளைக் கவனிக்க முடியும். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் செருகுநிரல்களை நிறுவவோ அமைப்புகளை மாற்றவோ முடியாது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் பறிபோனாலும் தளம் முழுவதும் பறிபோகாது.

பாதுகாப்புச் சான்றிதழை முதல் நாளே பொருத்திவிட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இதை இலவசமாகவே வழங்குகிறது. அந்தச் சான்றிதழ்களின் ஆயுள் குறுகியது. நெடுங்காலமாக வழங்கிவரும் வகைக்கு 90 நாட்களே. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வழங்கியில் இயங்குகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன்

அமைப்புகள் பகுதியில் நேர வலயம், தேதி வடிவம், தளத்தின் மொழி ஆகியவற்றைச் சரிசெய்வது விரைவில் முடிந்துவிடும். மொழியைத் தமிழாக வைத்தால் கட்டுப்பாட்டகம் தமிழில் தெரிவதோடு, ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் அது தமிழ்ப் பக்கம் என்ற குறிப்பும் சேரும்; பார்வைக் குறைபாடுள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் சரியான குரலில் படிப்பதற்கு அந்தக் குறிப்பு உதவுகிறது. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டத்தில் குறியிட்டிருந்தால், வாசிப்பு அமைப்புகளில் உள்ள அந்தக் குறியைத் திறப்பு நாளில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கூகுளில் தளம் வரவில்லை என்று வருந்துவோரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

நிரந்தர இணைப்பு அமைப்பு அப்படி விரைந்து கடந்துபோக வேண்டியதன்று. ஒவ்வொரு பதிவுக்கும் எத்தகைய முகவரி அமையும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. முதல் பதிவை வெளியிடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் பின்னால் மாற்றினால் பிறர் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோக வாய்ப்புண்டு. செய்தித் தன்மையுள்ள தளத்துக்கு ஆண்டும் மாதமும் சேர்ந்த முகவரி பொருந்தும். மற்றவற்றுக்குப் பதிவின் பெயர் மட்டும் வரும் வடிவமே நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தலைப்பைத் தமிழில் இட்டதும் வேர்ட்பிரஸ் அதிலிருந்தே முகவரியை உருவாக்குகிறது. இணைய முகவரியில் தமிழெழுத்துகள் உள்ளபடியே செல்வதில்லை. ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்துகளாகக் குறியாக்கப்படுகிறது. ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் என்றால், முகவரியில் அது 9 எழுத்துகளாக நீள்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும்கூடத் தனித்தனியே 9. தரவுத்தளத்தில் இந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 200 எழுத்துகளே. ஆக, ஏறத்தாழ 22 குறியீடுகளுக்குமேல் இடமில்லை. “தமிழில் வலைப்பதிவு தொடங்குவது எப்படி” என்று தலைப்பிட்டுப் பாருங்கள்: முதல் சொல்லுக்கு 63, அடுத்த சொல்லுக்கு 90, இடையிலுள்ள கோடுகளுக்கு 2, எஞ்சிய 45இல் “தொடங்” வரை மட்டுமே அடங்கி, முகவரி அங்கேயே வெட்டுப்பட்டு நின்றுவிடும். வேறு தலைப்பாக இருந்தால் புள்ளியோ கொம்போ கழன்று சொல்லே உருமாறியும் போகலாம். அதை யாரேனும் படியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட வரியாகத் தெரிவதோடு, சில இடங்களில் பாதியில் உடைந்து, திறக்காத இணைப்பாகவும் ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளியது. பதிவை வெளியிடும் முன், தொகுப்பானின் பக்கவாட்டிலுள்ள இணைப்புப் பெட்டியைத் திறந்து, இரண்டு மூன்று சொற்களில் ரோமன் எழுத்தில் ஒரு சுருக்கமான பெயரை நீங்களே இடுங்கள். தமிழிலேயே இருக்க வேண்டும் என்ற பிடிப்பு உள்ளவர்கள் இரண்டு சிறு சொற்களுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். தேடுபொறிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஒருமுறை வெளியிட்ட முகவரியை மாற்றாமல் இருப்பதே சிறப்பு. மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பத்தை அமைத்துவிட வேண்டும்.

பதிவு, பக்கம் என்ற வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நாள்வரிசையில் வருபவை பதிவுகள். அறிமுகம், தொடர்பு போன்று என்றும் ஒரே இடத்தில் நிற்பவை பக்கங்கள். வகைகள் நூலின் இயல்களைப்போலச் சிலவாகவும், குறிச்சொற்கள் நூலின் இறுதியில் வரும் சொல்லடைவைப்போலப் பலவாகவும் இருக்கலாம். ஒரே பதிவுக்கு மட்டும் பயன்படும் குறிச்சொல்லால் வாசகருக்குப் பயன் ஒன்றுமில்லை.

தோற்றமும் செருகுநிரல்களும்

தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் தேர்வில் அழகைப் பார்ப்பதற்குமுன் வாசிப்பைப் பாருங்கள். மாதிரிப் பக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு ஏற்ப அளவெடுக்கப்பட்டவை. தமிழில் எழுத்துகளுக்கு மேலே வரும் விசிறிகளுக்கும் கீழே இறங்கும் சுழிகளுக்கும் இடம் வேண்டியிருப்பதால், வரி இடைவெளியை எழுத்தளவின் 1.7 அல்லது 1.8 மடங்காக வைத்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நீண்ட தமிழ்ச் சொற்கள் கைபேசித் திரையில் ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றனவா என்று தலைப்புகளில் முக்கியமாகச் சோதியுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் உள்ளன, ஒன்றே போதும். இருபுற ஓரங்களையும் சமப்படுத்தும் அமைப்பைத் தவிர்த்துவிடுங்கள். நீண்ட சொல் ஒன்று அடுத்த வரிக்கு இறங்கும்போது முந்தைய வரியில் பெரிய வெற்றிடங்கள் விழுந்து வாசிப்பைக் கெடுக்கும்.

தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அவை அழிந்துவிடும். திருத்தம் தேவைப்பட்டால் மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீம் ஒன்றை உருவாக்கி அதில் செய்ய வேண்டும்.

செருகுநிரல்களில் சிக்கனம் வேண்டும். ஒவ்வொன்றும் உங்கள் தளத்துக்குள் முழு உரிமையோடு இயங்கும் வேறொருவரின் நிரல். வேர்ட்பிரஸ் தளங்களில் வெளிப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை மையமென்பொருளில் இல்லை, செருகுநிரல்களில்தான் இருக்கின்றன. நிறுவும் முன் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, உதவி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பயன்படாததை முடக்கிவைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். முடங்கிய செருகுநிரலின் கோப்புகளும் வழங்கியில் இருந்துகொண்டுதான் இருக்கும். மறுமொழிக் குப்பைகளை வடிகட்ட ஒன்று, காப்பு நகலுக்கு ஒன்று, பக்கங்களைத் தேக்கிவைத்து வேகமாகத் தருவதற்கு ஒன்று, கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் ஈரடுக்குப் புகுபதிகைக்கு ஒன்று, மின்னஞ்சலை முறையான அஞ்சல் வழங்கி வழியே அனுப்புவதற்கு ஒன்று. எழுத்துத் தளத்துக்கு இவற்றுக்குமேல் மிக அரிதாகவே தேவைப்படும். தேடுபொறிகளுக்கான பக்கப் பட்டியலாகிய தளவரைபடம்கூட 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து மையமென்பொருளிலேயே இருக்கிறது.

பக்கங்களை இழுத்துவிட்டுக் கட்டும் கனமான கட்டமைப்பான்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் சில, உங்கள் எழுத்தைத் தங்களுக்கே உரிய குறிச்சரங்களுக்கு நடுவே சேமிக்கின்றன. அந்தச் செருகுநிரலை எடுத்த நாளில் பதிவுகள் முழுக்க சதுர அடைப்புக்குறிகள் சிதறிக் கிடக்கும். எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று முதலில் கேட்ட கேள்விக்கு இவை தரும் விடை நல்லதாக இல்லை. 2018 இறுதியில் வந்த 5.0 பதிப்பு முதல் வேர்ட்பிரஸோடு வரும் தொகுதித் தொகுப்பானே (பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித் தொகுதியாகக் கையாள்வது) எழுத்துக்குப் போதும்.

படங்கள்

கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே பதிவேற்றினால் இரண்டு தீங்குகள் நேரும். கோப்பு பெரிதாக இருப்பதால் பக்கம் தாமதமாகத் திறக்கும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் நகல்கள் எடுத்துக்கொள்வதால் வழங்கியிலும் இடம் அடைபடும். அதைவிடக் கவலைக்குரியது, படம் எடுக்கப்பட்ட இடத்தின் ஆயத்தொலைவுகள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கக்கூடும் என்பது. வீட்டில் எடுத்த ஒரு படம் வீட்டின் இருப்பிடத்தை ஊருக்கு அறிவித்துவிடலாம். ஆகவே படத்தை முதலில் 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, உள்தகவல்களை நீக்கி, வெப்பி வடிவிலோ ஜேபெக் வடிவிலோ சேமித்த பின்னரே ஏற்றுங்கள். மாற்று உரையை ஒவ்வொரு படத்துக்கும் எழுதுவது படத்தைப் பார்க்க இயலாத வாசகருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

அன்றாடப் பராமரிப்பு

2013இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. அந்த வசதியை அணைக்க வேண்டாம். பெரிய பதிப்பு வரும்போது மட்டும் காப்பு நகல் எடுத்துவிட்டு, சில நாட்கள் பொறுத்து, செருகுநிரல்கள் அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட்டனவா என்று பார்த்துவிட்டு மாறலாம். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் குறிக்கும் அனுமதி அளவுகளில், கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பவையே போதும். ஏதோ ஒன்று இயங்கவில்லை என்பதற்காக யாராவது 777 என்று மாற்றச் சொன்னால் ஏற்காதீர்கள். வழங்கியிலுள்ள யாரும் அந்தக் கோப்பில் எழுதலாம் என்ற அனுமதி அது.

குறித்த நேரத்தில் வெளியாக வேண்டும் என்று திட்டமிட்டு வைத்த பதிவு சில தளங்களில் வெளியாகாமல் தங்கிவிடுவதுண்டு. வேர்ட்பிரஸுக்கென்று தனிக் கடிகாரம் இல்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நிலுவையிலுள்ள வேலைகளைப் பார்க்கிறது. வருகை குறைவான புதிய தளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் வராவிட்டால், ஐந்து மணிப் பதிவு முதல் வாசகர் வரும்வரை காத்திருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரான் வசதி வழங்கியில் இருக்கும்; அதில் கால் மணிக்கு ஒருமுறை அந்த வேலையைத் தூண்டும்படி அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மறுமொழிகளை முதல்முறை எழுதுபவருக்கு மட்டும் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்படி வைப்பது நல்ல நடுவழி. பழைய பதிவுகளில்தான் விளம்பரக் குப்பைகள் அதிகம் வந்து விழும் என்பதால், சில மாதங்களுக்குப்பின் மறுமொழிப் பெட்டி தானாக மூடிக்கொள்ளும் வசதியையும் இயக்கலாம்.

காப்பு நகல்

வேர்ட்பிரஸ் தளம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. பதிவுகள், மறுமொழிகள், அமைப்புகள் தரவுத்தளத்தில் உள்ளன. படங்கள், தீம்கள், செருகுநிரல்கள் டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையில் உள்ளன. இரண்டையும் எடுத்தால்தான் காப்பு நகல் முழுமையாகும். கூடவே டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவிகள் பட்டியலிலுள்ள ஏற்றுமதி வசதியை அழுத்திக் கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பே காப்பு நகல் என்று பலர் நம்புகிறார்கள். அதில் எழுத்து இருக்கிறது. படங்கள் இல்லை, படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கின்றன. பழைய தளம் மறைந்தபின் அந்த முகவரிகளால் பயனில்லை.

வாரம் ஒருமுறையாவது தானாக நகலெடுக்கும்படி அமைத்து, ஒரு நகலை மேகச் சேமிப்பிலும் ஒன்றை உங்கள் கணினியிலும் வையுங்கள். வழங்கியிலேயே வைத்த நகல், வழங்கி விழும் நாளில் உடன் விழும். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த நகலைக் கொண்டு உங்கள் கணினியிலோ துணை டொமைன் ஒன்றிலோ தளத்தை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது: கோப்பு இருக்கும், உள்ளே பாதி அட்டவணைகள் இரா, அல்லது அனைத்தும் இருக்கும், குறியாக்கம் பிழைபட்டுத் தமிழ் முழுவதும் கேள்விக்குறி வரிசைகளாக நிற்கும். அப்படிக் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து அந்தத் தரவில் எங்குமே இல்லை. எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது. சோதிக்கும்போது முதல் பதிவு, இடையில் ஒன்று, கடைசிப் பதிவு என மூன்றையும் திறந்து, எழுத்தையும் படத்தையும் மறுமொழியையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

வழங்கி மாறுதல்

தளத்தை நீண்ட காலம் நடத்துபவர் என்றாவது ஒருநாள் வழங்கியை மாற்றியே தீர வேண்டியிருக்கும். இதுவரை சொன்னபடி அமைத்திருந்தால் அது ஒரு மாலை நேர வேலை. மாறுவதற்கு ஒரு நாள் முன்பே டொமைனின் ஏ பதிவுக்குரிய ஆயுட்காலத்தை (பிற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிகளாகக் குறைத்துவிடுங்கள். மாற்றம் விரைவில் பரவ அது உதவும். புதிய வழங்கியில் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தோடு தரவுத்தளம் உருவாக்கி, காப்பு நகலை இறக்கி, கோப்புகளை ஏற்றி, டபிள்யூபி-கான்ஃபிக்கில் புதிய தரவுத்தள விவரங்களை எழுதுங்கள். டொமைன்களின் ஐபி முகவரிகளை உங்கள் கணினிக்கு மட்டும் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு நேராகப் புதிய ஐபி முகவரியை இட்டால், உலகம் பழைய தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மட்டும் புதியதைத் திறந்து சோதிக்கலாம்.

டொமைன் பெயரும் சேர்ந்து மாறுகிறது என்றால், தரவுத்தளக் கோப்பைத் திறந்து பழைய பெயரை எல்லா இடத்திலும் புதியதாக மாற்றும் வழியில் இறங்க வேண்டாம். அமைப்புகள் பலவும் எழுத்துச் சரத்தின் நீளத்தையும் உடன் குறித்தே சேமிக்கப்பட்டிருக்கின்றன. பெயரின் நீளம் மாறி, குறித்த எண் மாறாமல் நின்றால், அந்த அமைப்பைப் படிக்க முடியாமல் போய்விடும். நீளத்தையும் கணக்கிட்டுத் திருத்தும் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளை வரிக் கருவியையோ அதற்கென அமைந்த செருகுநிரலையோ பயன்படுத்த வேண்டும்.

சோதனை முடிந்ததும் ஏ பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் இட்ட வரியை நீக்கி, புதிய வழங்கியில் பாதுகாப்புச் சான்றிதழைப் பெறுங்கள். மாற்றம் நடக்கும் அந்தச் சில மணி நேரம் புதிய பதிவு எதையும் வெளியிடாமல், மறுமொழிகளையும் மூடி வைத்தால், எதுவும் பழைய தரவுத்தளத்தில் தங்கிப்போகாது. பழைய கணக்கை உடனே மூடிவிடாமல் இரண்டு வாரம் விட்டுவைத்து, அதன் வருகைப் பதிவேட்டில் தேடுபொறிகளின் வருகையும் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு, கடைசியாக ஒரு முழு நகலை இறக்கி வைத்துக்கொண்டு மூடலாம்.